கோட்டையும் தோட்டமும்: துவிச்சக்கர வண்டியில் வடபுலம்

யாழ்ப்பாணத்துக் கோட்டையைப் பார்க்கச் செல்லும் மாணாக்கர் பெரும்பாலும் பேருந்திலே செல்வர். பண்ணைக் கரையில் இறங்கி, அகழியைக் கடந்து, மதிலின்மீது ஏறி நின்று, ஒல்லாந்தர் பிடித்த ஆண்டையும் ஆங்கிலேயர் பிடித்த ஆண்டையும் ஆசிரியர் சொல்லக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மீள்வர். அவர்கள் கண்டது கோட்டையை. அக்கோட்டைக்குச் சோறிட்ட நாட்டை அவர்கள் கண்டிலர். கோட்டை வாயிலிலிருந்து அரைமணி நேரம் மிதித்தால் அடையத்தக்க செம்மண் தோட்டங்களும், பனங்கூடல்களும், வயல்வெளிகளும், அவற்றிடையே இடிந்து நிற்கும் கிறித்தவ ஆலயச் சுவர்களும் அக்கோட்டையின் வரலாற்றிலே பாதிக்கு மேற்பட்டதைத் தம்மிடத்தே வைத்திருக்கின்றன. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதற்கு ஏற்ற ஊர்தி துவிச்சக்கர வண்டி ஒன்றே என்பது எம் கருத்து. ஐந்து நாளிலே 300 கிலோமீற்றருக்குச் சற்று மேற்படச் சென்று மன்னாரில் முடியும் ஒரு வழியை எடுத்துக்கொண்டு, அவ்வழியிற் காணற்பாலன எவை, அவை ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புடையன என்பவற்றை ஈண்டு விளக்குவோம்.

துவிச்சக்கர வண்டியை ஏன் இத்துணை வற்புறுத்துகின்றோம் என்று கேட்கலாம். நடப்பவனால் ஒரு நாளில் இரண்டு மூன்று கிராமங்களையே காண இயலும். பேருந்திற் செல்பவனுக்கு இருபது கிராமமும் ஒன்றுபோலவே தோன்றும். மிதித்துச் செல்பவனோ வெண்மணல் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தை அறிவான். வேலியிலே நிற்பது கிளுவையா பூவரசா என்பதை அறிவான். புகையிலைக்குப் புகையூட்டும் மணத்தை வேலிக்கு அப்பாலிருந்தே அறிவான். வண்டியைச் சாத்திவிட்டுக் கிணற்றடியில் நிற்கும் கமக்காரரோடு நாலு வார்த்தை பேசவும் அவனால் இயலும். குடாநாடு தட்டையானதாதலின் மூச்சு வாங்கத்தக்க ஏற்றம் எங்கும் இல்லை. பலவகைப் பற்சில்லுகள் பூட்டிய விலையுயர்ந்த வண்டியும் வேண்டுவதில்லை. வீட்டிலுள்ள பழைய றலி வண்டியே போதும். 1990 களிலே பொருளாதாரத் தடையால் எரிபொருள் அற்றுப்போன காலத்தில் குடாநாட்டின் வாழ்க்கை முழுவதும் இவ்விரு சில்லுகளின்மீதே ஓடிற்று. நெல்மூடையும் விறகும் நோயாளரும் அதிலே ஏறினர். அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவரும் பலர். அக்காலத்தை அறிந்த பழைய மாணவர்க்கு இவ்வண்டியின் பெருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

காற்றைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லல் வேண்டும். மேடில்லாத நாட்டிலே மிதிப்பவனுக்கு மேடாவது காற்றே. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என நம்மவர் அதனைத் திசைக்கொரு பெயரிட்டு அழைத்தது வீணன்று. சோளகம் வீசும் மாதங்களிலே தென்மேற்கு நோக்கி மன்னாருக்கு மிதிப்பது தவம் புரிவதை ஒக்கும். மாரி கழிந்த தை, மாசி மாதங்களிலோ வடகிழக்குக் காற்று முதுகிற்பட, அதே வழி எளிதாகின்றது. காலபோக நெல் அறுவடையாவதும், தோட்டத்திலே புகையிலை முதிர்ந்து நிற்பதும் அம்மாதங்களிலேயாம். ஆதலின் வயலையும் தோட்டத்தையும் ஒருங்கு காண விரும்புவோர் அக்காலத்தையே தெரிந்துகொள்க. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தம் பாய்க்கப்பல்களை இக்காற்றுக்களின் போக்கை நோக்கியே செலுத்தினர் என்பதையும் மிதிக்கும்போது எண்ணிப் பார்க்கலாம்.

புறப்படுமுன் நிலத்தின் இயல்பைச் சிறிது அறிதல் நன்று. குடாநாட்டின் அடியிற் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை ஆறு என்று அழைப்பது நம் ஆசையைக் காட்டுமன்றி வேறன்று. ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்யும் மழைநீர் கல்லின் வெடிப்புக்களூடே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் பாரம் குறைந்ததாதலின் இவ்வாறு மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் உண்டு என்பது நீரியலார் கணக்கு. மேலேயுள்ள ஓரடியை இறைத்துவிட்டால் கீழிருந்து நாற்பதடிக்கு உவர் ஏறும் என்பது அக்கணக்கின் மறுபக்கம். யாழ்ப்பாணத்துக் கமத்தொழில் முழுவதும் இந்த வில்லையின்மீது நடப்பது.

பயணத்தைக் கோட்டையிலேயே தொடங்குவோம். 1619 இலே யாழ்ப்பாண அரசைத் தம் ஆட்சியிற் சேர்த்துக்கொண்ட போர்த்துக்கேயர் இவ்விடத்திலே நாற்கோணக் கோட்டை ஒன்றைக் கட்டினர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை அவர்தம் தளபதி ஒலிவேறா இடிப்பித்தான். கடைசி அரசனாகிய சங்கிலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு 1623 இலே கொல்லப்பட்டான். 1658 இலே றைக்லோப் வான் கூன்ஸ் என்னும் ஒல்லாந்தத் தளபதியின் படை மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு இக்கோட்டையைப் பிடித்தது. ஒல்லாந்தர் பழைய அமைப்பை மாற்றி ஐங்கோண வடிவிலே புதிய கோட்டையை எழுப்பி, வெளியரண்களையும் சேர்த்து 1792 இலே வேலையை முடித்தனர். முடித்து மூன்றாண்டு சென்றதும், 1795 இலே, ஆங்கிலேயர் எதிர்ப்பின்றி அதனைக் கைப்பற்றினர். தலைமுறை தலைமுறையாகக் கட்டிய அரண் கட்டியவனுக்கு ஒரு நாளும் பயன்படவில்லை. இம்மதில்கள் உண்மையான பெருமுற்றுகை ஒன்றைத் தாங்கியது 1990 இலேதான். அப்போரிலே 1706 ஆம் ஆண்டுக்குரிய சிலுவை வடிவ ஆலயமும் உட்கட்டிடங்களும் அழிந்தன. 2009 இலே போர் முடிந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியோடு மதில்கள் திருத்தப்பட்டன.

மதிலைத் தொட்டுப் பார்க்க. அது கடலிலிருந்து வெட்டிய முருகைக்கல். அதனை வெட்டியோர் யார், சுமந்தோர் யார், சுண்ணாம்பு சுட்டோர் யார் என்று வினாவின், 'ஊழியம்' என்னும் சொல் விடையாக வரும். அரசாங்க வேலைக்குக் கூலியின்றி ஆண்டுதோறும் குறித்த நாட்கள் உடலால் உழைத்தல், அன்றேல் அதற்கீடாகப் பணம் இறுத்தல் என்பது அக்காலச் சட்டம். அதற்குமேல் தலைவரியும் அதிகாரிவரியும் நிலவரியும் மரவரியும் இருந்தன. 1697 இலே யாழ்ப்பாணத்துக் கொமாண்டராயிருந்த ஸ்வார்டகுரோன் என்பவர் தமக்குப்பின் ஆள்வோர்க்காக எழுதி வைத்த நீண்ட குறிப்புரையைப் படிப்போர், அதிலே யானை, பனைமரம், சாயவேர், வரி என்பவற்றின் கணக்கே விரிந்து கிடப்பதைக் காண்பர். கோட்டை காவலுக்கென எழுந்தது மெய்யே. ஆயினும் காவலிலும் கணக்கே அங்கு மிகுதியாக நடைபெற்றது. இக்கணக்கின் மறுபக்கத்தை, அஃதாவது பொருள் புறப்பட்ட இடங்களை, ஒவ்வொன்றாகக் காண்பதே இப்பயணத்தின் நோக்கம்.

முதல்நாள் வழி கல்லுண்டாய் வெளியினூடாக அராலி, வட்டுக்கோட்டை, பொன்னாலை, காரைநகர் சென்று, கடலைக் கடந்து ஊர்காவற்றுறை, வேலணை வழியாகப் பண்ணைக்கே மீள்வது. ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அராலியிலே வழுக்கியாறு கடலை நோக்கும் இடத்து வயல்கள் வானம் பார்த்தவை. மழை பிழைத்தால் நெல்லும் பிழைக்கும். வட்டுக்கோட்டையிலே போர்த்துக்கேயர் ஆலயம் இருந்த இடத்திலே ஒல்லாந்தர் ஆலயம் எழுந்தது. அது கூரையிழந்து கிடந்த காலத்திலே, 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் அதனைப் பெற்றுத் திருத்தினர். 1823 இலே அவர்கள் அங்கு நிறுவிய செமினரியிலே கற்றவருள் ஒருவர் சங்க நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை. ஒரே நிலத்தில் மூன்று நாட்டார் அடுத்தடுத்துக் கட்டியதன் பயன் இறுதியிலே தமிழ் ஏடுகளுக்குப் போய்ச் சேர்ந்தமை, கட்டியவர் எவரும் எண்ணாத ஒன்று.

காரைநகர்த் துறையிலே பாதை ஏறவேண்டும். வண்டியையும் ஏற்றிக்கொள்ளலாம். கடலின் நடுவே சிறு திட்டு ஒன்றில் நிற்பது ஹம்மன்ஹீல் என்னும் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்ட, 1658 இலே ஒல்லாந்தர் பிடித்தது. இலங்கைத் தீவு உப்பிட்ட பன்றித்தொடை போன்றது என்று கருதிய ஒல்லாந்தர் இத்திட்டைத் 'தொடையின் குதி' என்று பெயரிட்டனராம். பெயரிடுவதில் அவர்களுக்குத் தயக்கம் இருந்ததில்லை. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று; ஊர்காவற்றுறைத் தீவு லைடன் ஆயிற்று; புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லம், அனலைதீவு றொட்டர்டாம் என வழங்கின. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்னும் பெயர் மட்டும் ஆங்கிலத்திலே இன்றும் நிலைத்திருக்கின்றது. மற்றவை எல்லாம் வரைபடத்தோடு நின்றன. கமக்காரரும் கடற்றொழிலாளரும் அப்பெயர்களை வாயிற் கொள்ளவில்லை. நெடுந்தீவைக் காணத் தனியே ஒருநாள் வேண்டுமாதலின் இப்பயணத்தில் அது சேராது.

ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் 'கையிஸ்', அஃதாவது துறை, என அழைத்தனர். அத்துறையிலே ஏற்றப்பட்ட பெருஞ்சரக்கு யானை. வன்னிக் காட்டிலே பிடிக்கப்பட்ட யானைகள், கடனீரேரி ஆழமற்று இருக்கும் ஆனையிறவின் வழியே நடத்தப்பட்டுக் குடாநாட்டினூடாக இவ்விடம் வந்தன. இந்தியக் கரையிலிருந்து வந்த வணிகர் அவற்றை வாங்கிக் கப்பலேற்றினர். வேலணை வழியாக மீளும்போது இருபுறமும் காணும் அகன்ற வெளிகளிலே இன்று மாடுகளே மேய்கின்றன.

இரண்டாம் நாளே இப்பயணத்தின் நடுநாயகம். கோண்டாவில், இணுவில், சுன்னாகம், தெல்லிப்பழை வழியே காங்கேசன்துறைக்கும், அங்கிருந்து புன்னாலைக்கட்டுவன், அச்சுவேலி, புத்தூர், கோப்பாய் வழியே நகருக்கும் செல்வது. 45 கிலோமீற்றர் என்னும் கணக்கைப் பார்த்து இதனைச் சிறிய நாள் என எண்ணற்க. நிற்க வேண்டிய இடம் அடிக்கொன்று. செம்மண்ணின் நிறம் மழைக்குப்பின் குங்குமத்தை ஒக்கும். வெண்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, வாழை, மரவள்ளி என ஒரு பரப்பு நிலமும் வீணாகாதபடி பயிர் செய்திருப்பர். இம்மண் இயல்பாகவே வளமுடையது என்று பலர் கருதுவர். அது பாதியே உண்மை. பனையோலையை வெட்டித் தாழ்த்தும், பூவரசங் குழையைப் புதைத்தும், ஆட்டுப்பட்டி அடைத்தும், கல்லைப் பொறுக்கி வரம்பிற் போட்டும் பல தலைமுறையார் ஆக்கிய மண் இது.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஐரோப்பியர் வருகையின்பின் நம் நாட்டிற் பரவியது. குடாநாட்டுக் கமக்காரர் அதனைக் கிணற்று நீர்ப் பாய்ச்சலோடு இணைத்துத் தமக்கே உரிய ஒரு தொழிலாக்கினர். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பெருஞ்சந்தை திருவிதாங்கூர். கல்வீடுகளும் சீதனக் காணிகளும் கோயிற் திருப்பணிகளும் பல இந்த இலையின் வருவாயால் வந்தவை. பனையும் அவ்வாறே. வைரம் பாய்ந்த பனைமரம் ஒல்லாந்தர் காலத்திலே கப்பலேறிச் சோழமண்டலக் கரைக்குச் சென்றது. சாயவேரோ துணிக்குச் செந்நிறம் ஊட்டுவது; அதனைத் தோண்டும் கடமை சில மக்கள்மேற் சுமத்தப்பட்டிருந்தது.

இத்தோட்டங்களுக்கும் கோட்டைக்கும் இடையே நின்ற பாலம் ஒன்று உண்டு. அது காகிதப் பாலம். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்த 'தோம்பு' என்னும் பதிவேடு காணியின் பெயர், உரியவர், மரங்கள், வரி என்பவற்றை எழுதிவைத்தது. 1706 இலே தேசாதிபதி சைமன்ஸ் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் அலுவல் பார்த்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டனர். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806 இலே அதற்குச் சட்ட வலிமை கொடுத்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பிரிவுகளும், ஒற்றி முறையும், காணி விற்கும்போது உரித்தாளர்க்கும் பங்காளர்க்கும் முதலில் அறிவிக்கவேண்டும் என்பதும் அதன்வழி வந்தவை. அயற்காணிக்குள் கிளை நீட்டும் மரத்தின் பயன் யாருக்கு என்பதையும் அந்நூல் பேசுகின்றது. வேலிச் சண்டை நம்மவர்க்குப் புதிதன்று என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பழைய உறுதிகளிலே நிலத்தின் அளவு 'இத்துணை இலாச்சம் வரகு' என்றும் 'இத்துணை இலாச்சம் நெல்' என்றும் விதைப்பினாலே குறிக்கப்படும். வரகு விதைப்பது அற்றுப்போன நிலமும் உறுதியிலே இன்றும் வரகு நிலமே.

தேசவழமையைப் புகழ்வோர் பெரும்பாலும் அதிலுள்ள அடிமைகள் பற்றிய விதிகளைச் சொல்லாது விடுவர். துலா மிதித்தோர் எல்லோரும் தம் நிலத்துக்கு நீர் இறைத்தவரல்லர். காணியோடும் மரத்தோடும் மனிதரும் சொத்தாக எழுதப்பட்ட ஏடு அது. 1844 இலே இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. பழக்கம் அதனினும் நெடுநாள் நீடித்தது. ஊழியத்தாற் கட்டிய கோட்டையைக் காணும்போது ஒல்லாந்தனைக் குறை கூறுவோர், அதே காலத்துத் தோட்டத்தைக் காணும்போது நம்மையும் ஒருமுறை நோக்குதல் முறை.

தெல்லிப்பழைக்கு வடக்கே காட்சி மாறும். பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைப் புறங்களிலே 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயமாக மூடப்பட்ட நிலங்கள் பல போரின்பின் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. வீடும் வேலியும் மரமும் அழிந்த காணியிலே எல்லையை மீண்டும் நிறுவ உதவுவன உறுதியும் வரைபடமும் பழைய கிணறுமே. மூன்று நூற்றாண்டுக்கு முற்பட்ட தோம்பின் வழித்தோன்றலாகிய ஒரு காகிதத்தின் வலிமை இவ்விடத்திலே நன்கு விளங்கும். காங்கேசன்துறையிலே 1950 முதல் 1990 வரை சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பெருங்குழிகள் உள. நிலத்தடி நீரைத் தாங்கும் கல்லையே வெட்டி விற்றோம் என்பது அக்குழிகளைப் பார்க்கும்போதே மனத்திற் படும்.

மீளும் வழியிலே நிலாவரைக் கிணற்றடியிற் சிறிது நிற்க. மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் உள்ள கிணறு அது. முன்னே சொன்ன வில்லையைக் கண்ணால் நம்புதற்கு அதுவே இடம். ஒருவர் துலாவின்மீது நடக்க, மற்றொருவர் பட்டையைக் கவிழ்க்க, நீர் வாய்க்காலில் ஓடிய காலத்திலே இறைப்பின் அளவு மனிதர் காலின் வலிமையைக் கடந்ததில்லை. 1950 களுக்குப்பின் நீரிறைக்கும் இயந்திரம் பரவிற்று. காலையிலே தொடங்கி மாலைவரை இறைக்கலாமாயிற்று. செயற்கை உரத்தின் நைத்திரேற்று கிணற்றில் இறங்கிற்று. கரையோரக் கிணறுகள் உவரேறின. சுன்னாகப் புறத்துக் கிணறுகளிலே கழிவெண்ணெய் கலந்தமை 2014 ஆம் ஆண்டளவிலே பெருஞ் செய்தியாயிற்று. பயணஞ் செய்யும் மாணாக்கர் ஒவ்வோர் ஊரிலும் ஒரு கிணற்றின் ஆழத்தையும், நீரின் சுவை முன்னர் எவ்வாறிருந்தது இப்பொழுது எவ்வாறுள்ளது என்பதையும் அவ்வூர் முதியோரைக் கேட்டு எழுதிவைப்பாராயின், அவ்வேடு எந்தக் கோட்டையின் அளவைக்கும் குறைந்ததாகாது. அறிவிப்புப் பலகையும் திருத்தப் பணமும் கோட்டைக்கு உண்டு. துலாவுக்கும் கேணிக்கும் சுமைதாங்கிக்கும் ஆவுரஞ்சிக்கல்லுக்கும் பெரும்பாலும் அவை இல்லை. வீதி அகலும்போது முதலிற் போவன அவையே.

மூன்றாம் நாள் பருத்தித்துறை. வல்லை வெளியிலே காற்றுக்கு மறைப்பே இல்லை. வாடைக்காற்றை எதிர்த்து மிதிப்போர் முன்னவன் பின்னே மற்றவர் ஒருவர்பின் ஒருவராகச் செல்லுதல் நலம். 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திலிருந்த பால்தேயு பாதிரியார் இவ்வூர்ப் புளியமரம் ஒன்றின்கீழ்ப் போதித்தார் என்பர். அம்மரம் பின்னர்ப் புயலில் விழுந்தது. அவர் 1672 இலே வெளியிட்ட நூல் அக்கால யாழ்ப்பாணத்தைப்பற்றி எழுந்த நூல்களுள் தலையாயது. எமக்கோ பருத்தித்துறையிலே அம்மரம் நின்ற இடத்தினும் தெருமூடி மடமே பெரிதாகத் தோன்றுகின்றது. தெருவின் குறுக்கே கூரையிட்டு, இருபுறமும் திண்ணை அமைத்து, வழிப்போக்கர்க்கு நிழல் தந்த கட்டிடம் அது. வழிச்செல்வோர் வெயிலில் வாடுவர் என எண்ணிக் கட்டிய ஒன்றை, மிதித்துக் களைத்து வந்தவனே உள்ளபடி மதிப்பான்.

நான்காம் நாள் 85 கிலோமீற்றர் அளவு. கண்டி வீதியிலே சாவகச்சேரித் தென்னந்தோப்புக்களைக் கடந்து முகமாலைக்கு அப்பால் மரங்கள் அருகும். நீண்ட காலம் கண்ணிவெடி அகற்றிய புறம் இது. வீதியைவிட்டு ஒருபோதும் இறங்கற்க. ஆனையிறவிலே ஒல்லாந்தர் ஒரு சிறு கோட்டை கட்டினர். வன்னிக்கும் குடாநாட்டுக்கும் இடையே போவார் வருவாரைக் கண்காணிக்க இவ்வெல்லையில் அவர் நிறுவிய காவல்களுள் அதுவும் ஒன்று. ஆங்கிலேயர் காலத்திலே அது தங்குமடமாயிற்று. 1991, 2000, 2009 ஆம் ஆண்டுப் போர்கள் இந்த ஒடுங்கிய நிலத்தின்மேலேயே நடந்தன. யானை நடந்த வழியே வணிகனும் வரிகொள்பவனும் நடந்தனர். பின்னர்ப் படையும் அதன்வழியே நடந்தது.

பரந்தனிலே இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்கள் தொடங்கும். தோட்டக்காரனின் ஊரிலிருந்து வயற்காரனின் ஊருக்கு வந்துவிட்டோம் என்பது மிதிப்பவனுக்கு உடனே தெரியும். வேலி மறைந்து வரம்பு தோன்றும். கிணற்றின் இடத்தை வாய்க்கால் கொள்ளும். அங்கிருந்து மேற்கே திரும்பிப் பூநகரி சேரலாம். மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் விரித்து, ஆங்கிலேயர் தங்குமடமாக்கிய சிறு கோட்டையின் இடிந்த சுவர்கள் அங்கும் உள. மழைக்காலத்திற் குடாநாட்டுக்கு நெல்லும் மாடும் சென்ற வழியைக் காத்தது அக்கோட்டை என்பதை, அதன்மேல் ஏறி வயலையும் கடனீரேரியையும் ஒரே பார்வையிற் காண்போர் எளிதில் அறிவர். நாட்கள் குறைவாயின், 2011 இலே திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தின் வழியாக நாவற்குழியிலிருந்து நேரே பூநகரிக்கு வந்துவிடலாம். ஆனால் ஆனையிறவை இழக்க நேரும்.

ஐந்தாம் நாள் 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நேர்வழி. வெள்ளாங்குளம், விடத்தல்தீவு கடந்து மன்னார். கடைகள் அருகிய வழியாதலின் நீரும் உணவும் சில்லொட்டும் பசையும் கையிலிருத்தல் வேண்டும். மன்னாரிலே 1544 இல் முதலாம் சங்கிலி கத்தோலிக்கரான மக்களைக் கொல்வித்தான். 1560 இலே போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1658 இலே பிடித்து 1696 இலே புதுக்கினர். நான்கு கொத்தளம் உடைய அக்கோட்டைக்குத் திருக்கேதீச்சரக் கோயிலின் கற்கள் சென்றன என்பது நெடுங்காலமாக வழங்கும் கூற்று. அக்கோயிலின் திருப்பணியை வேண்டி 1872 இலே ஆறுமுக நாவலர் விண்ணப்பம் விடுத்தமை இம்மலரின் வாசகர் அறிந்ததே. மாந்தை வயல்களுக்கு நீர் தருவது பழைய கட்டுக்கரைக்குளம். ஆங்கிலேயர் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே அதனைத் திருத்தினர். வரி கொள்பவன் குளம் கட்டினும் வரிக்காகவே கட்டுவான் என்பார் உளர். இருக்கலாம், ஆயினும் இப்பயணத்திற் காணும் குடியேற்றக்காலக் கட்டுமானங்களுள் இன்றும் சோறு போடுவன இரணைமடுவும் கட்டுக்கரையுமே.

ஆறாம் நாள் ஒன்று கிடைக்குமாயின் அரிப்புக்குச் செல்க. இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடறிக் நோத் முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக 1801 இலே தொடங்கி 1804 இலே முடித்த மாளிகை கடற்பாறையின் விளிம்பிலே இடிந்து நிற்கின்றது. யானை முடிந்து, சாயவேர் முடிந்து, முத்தும் முடிந்துவிட்டது. அலை ஆண்டுதோறும் அடியை அரிக்க, செங்கற்சுவர் பகுதி பகுதியாகக் கடலில் வீழ்கின்றது. அதன் பின்புறத்து வெளியிலே மாரிப் பயிர் உண்டு. மன்னாருக்கு மீளும்போது வடகிழக்குக் காற்று எதிரே நிற்குமாதலின், அரிப்பிலே நேரங் கடத்தாது முற்பகலிலேயே புறப்படுதல் நன்று.